கதவுக்குள் போகாத அலுமாரி

ஹட்டன் லேன், பினாங்கு
6 மார்ச் 1983

அன்புள்ள தங்கை பத்மாவதிக்கு,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் இரத்த அழுத்தம் எப்படி என்று எழுது. "பரவாயில்லை" என்று எழுதாதே, எண்ணை எழுது.

போன செவ்வாய் காலை என் படுக்கையறை அலுமாரியின் அடிப்பலகை விழுந்துவிட்டது. குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். சேலைகள் எல்லாம் என் காலடியில் வந்து குவிந்தன. கறையான். வெளியே ஒரு பொட்டுத் தூள்கூடக் காட்டாமல் உள்ளே தின்று முடித்திருக்கிறது. உன் அத்தான் துறைமுக ஆபீசில் தலைமைக் கிளார்க்கான வருடம் வாங்கியது. அசல் தேக்கு, அசல் தேக்கு என்று சாகும்வரை பெருமை பேசினார். கதவு இரண்டும்தான் தேக்கு. மற்றதெல்லாம் ஏதோ பெட்டிப் பலகை. அவர் போன பிறகு இது தெரிய வந்ததில் எனக்கு வருத்தம். இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பினாங்கு ரோட்டில் ஒரு மரச்சாமான் கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் கடைக்காரருக்கு "குட் மார்னிங்" சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பென்ஷனில் வாழ்பவள் அந்தக் கடைக்குள் காற்று வாங்கத்தான் போகலாம். ஆகவே தச்சரிடம் கொடுத்து, கையில் இருப்பதைக் கொண்டே ஒன்று செய்விப்பதாகத் தீர்மானித்திருக்கிறேன். பழைய தேக்குக் கதவுகள் இருக்கின்றன. ஹாலில் சும்மா கிடக்கும் பித்தளைத் திரைக்கம்பி இருக்கிறது. அத்தான் சவரம் செய்த கண்ணாடி இருக்கிறது. பலகைக்கும் கூலிக்கும் மட்டும் காசு.

ஒரு சின்னத் தகவல் வேண்டும். உன்னிடம் மடிக்காமல் தொங்கவிட வேண்டிய சேலைகள் எத்தனை? சும்மா அறிந்துகொள்ளத்தான்.

அம்பி பாயான் பாரு தொழிற்சாலைக்கு வேலையாக வந்தபோது இங்கே சாப்பிட்டான். மகளுக்குப் பியானோ வாங்கியிருப்பதாகவும் அதை உன் அறையில் வைத்திருப்பதாகவும் சொன்னான். அப்படியானால் உன் அம்மாவின் அலுமாரி எங்கே என்று கேட்டேன். தண்ணீர் குடித்தான்.

அக்கா,
யோகம்மா


பெட்டாலிங் ஜெயா
21 மார்ச் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இரத்த அழுத்தம் நூற்றைம்பது. கீழ் எண்ணை நர்ஸ் வேகமாகச் சொன்னாள், பிடிபடவில்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். படியில் ஏறி இறங்கி அளவு எடுக்காதீர்கள்.

பியானோ நல்ல பியானோ. கறுப்பு. பிள்ளை நன்றாக வாசிக்கிறாள், ஒரே பாட்டைத்தான். என் அலுமாரியை அம்பி பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிட்டான், பழையதுதானே. என் உடுப்புகள் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு சேலை எடுக்க வேண்டுமென்றால் பியானோ முக்காலியை நகர்த்தி, மண்டியிட்டு, பெட்டியை இழுக்க வேண்டும். உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டரும் சொல்கிறார். என் வீட்டுக்காரர் போனபின் பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு இடம் கிடைப்பதே பெரிது.

அம்பியும் மருமகள் சந்திரிகாவும் உங்களைக் கேட்டதாகச் சொன்னார்கள். அலுமாரி நல்லபடி அமையட்டும்.

தங்கை,
பத்மாவதி


ஹட்டன் லேன், பினாங்கு
3 ஏப்ரல் 1983

அன்புள்ள பத்மாவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கீழ் எண்ணை அந்த நர்ஸிடம் மறுபடி கேள். அவள் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறாள்.

நான் கேட்டது சேலைக் கணக்கு. நீ எழுதியது பியானோவின் நிறம்.

தச்சர் கிடைத்துவிட்டார். பெயர் ஆ கியாட், என் வயது இருக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை. நான் பழுப்புக் காகிதத்தில் முழுப் படம் வரைந்து கொடுத்தேன். கான்வென்டில் தையல் சொல்லித்தந்த மதர், விளிம்பு ஒரு நூல் கோணினாலும் மொத்தத்தையும் பிரித்துத் திருப்பித் தருவார். அவரிடம் பழகிய கை வரைந்த படம். ஆ கியாட் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "சந்தே, சந்தே" என்றார். அழகாம். நான் அழகைக் கேட்கவில்லை.

நடுவில் ஒரு தடுப்பு. வலப்பக்கம் என் சேலைகள். இடப்பக்கம் இப்போதைக்குக் காலி. அந்தக் காலிக்கு எவ்வளவு நீளம் தொங்க வேண்டும், எத்தனை தட்டு வேண்டும் என்று தெரியாமல் நான் ஆ கியாட்டுக்கு என்ன சொல்வது? நீ என்னைவிட இரண்டு அங்குலம் குள்ளம். சேலைக்கு அதனால் மாற்றமில்லை. ஹவுஸ்கோட்டுக்கு உண்டு.

தமிழில் எழுதுகிறேன் என்பதைக் கவனி. உன் மருமகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே நீயும் உண்மையை எழுதலாம். தொலைபேசி உங்கள் ஹாலில் இருக்கிறது. அதில் எதைக் கேட்டாலும் நீ "ஓம், ஓம்" என்று மட்டும்தான் சொல்கிறாய்.

அக்கா,
யோகம்மா


பெட்டாலிங் ஜெயா
29 ஏப்ரல் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். தயவுசெய்து என்னை அளக்காதீர்கள்.

நாலு வருடத்துக்கு முன் அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, உங்களைத் தனியே விடக்கூடாது என்று நான் பினாங்கில் தங்கினேன். ஞாபகம் இருக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டுச் சபூரா என்னை மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் திரும்பி வந்தபோது என் பெட்டி திறந்திருந்தது. என் உடுப்புகளைக் கட்டிலில் மூன்றாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு எழுதி வைத்திருந்தீர்கள். ஒன்றில் "ஹவுஸ்". ஒன்றில் "டெம்பிள்". மூன்றாவதில் "நாட் ஃபிட்". அந்த மூன்றாவது அடுக்கில் ஆறு சேலைகள். ஏழாவதை நான் உடுத்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ரயில் ஏறினேன். ஏன் என்று கேட்டீர்கள். தலையிடி என்றேன்.

என் பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடந்தாலும், அதற்குள் எதை எப்படி மடிப்பது என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அந்த ஒன்றுக்காக மண்டியிடலாம்.

உங்கள் அலுமாரி உங்களுடையது. இடப்பக்கத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
பத்மாவதி


ஹட்டன் லேன், பினாங்கு
8 மே 1983

பத்மாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது.

அந்தச் சீட்டுகள் நல்ல கையெழுத்தில் எழுதியவை. அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆறில் ஒன்றுக்கு முந்தானையே இல்லை. இனி நான் உன்னை எதுவும் கேட்கப் போவதில்லை. அலுமாரி செய்திகளை மட்டும் எழுதுகிறேன், விருப்பமிருந்தால் வாசி.

ஆ கியாட்டின் அளவு நாடா ஒரு விசித்திரப் பொருள். எண்களுக்குப் பக்கத்தில் சீன எழுத்துகள், சில சிவப்பு, சில கறுப்பு. பட்டறைக்குப் போன என்னை நிறுத்தி, என் காகிதத்தையும் நாடாவையும் மாறி மாறிக் காட்டினார்.

"அம்மா, இந்த நம்பர் கறுப்புல விழுது லா. தா போலே."

"ஏன் கூடாது?"

"கறுப்புன்னா வியாதி, சண்டை. கொஞ்சம் கூட்டுனா சிவப்பு. சிவப்பு நல்லது."

"நான் சைவக்காரி. உங்கள் சிவப்பும் கறுப்பும் என்னைக் கட்டாது. காகிதத்தில் இருப்பதைச் செய்யுங்கள்."

"ஓகே, அம்மா. ஓகே."

தலையை நன்றாக ஆட்டினார். உன் அத்தானும் அப்படித்தான் ஆட்டுவார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

யோகம்மா


ஹட்டன் லேன், பினாங்கு
12 ஜூன் 1983

பத்மாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன், "அம்மா ஓகே, பெரியம்மா" என்றான். அவனுக்கு எல்லோரும் ஓகே. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் கொதிக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

அலுமாரி நேற்று வந்தது. லாரியில் நாலு ஆட்கள், கூடவே ஆ கியாட், வாசலில் சபூரா. தெருக்கதவைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டது. படுக்கையறைக்குப் போகும் குறுகிய நடையில் அதைத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தை நான் முன்கூட்டியே அளந்துதான் படம் வரைந்தேன்; ஒரு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. திருப்பினார்கள், சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அலுமாரி நடையில் தொண்டையில் முள் மாதிரி நின்றது.

என் நாடாவைக் கொண்டுவந்து அளந்தேன். உயரம், அகலம், ஆழம் மூன்றும் கூட. எனக்கு நல்லது நடக்கட்டும் என்று அந்த மனிதர் எல்லாவற்றையும் சிவப்புக்கு ஏற்றியிருக்கிறார்!

"அக்கா, இது உள்ள போவாது லா," என்றாள் சபூரா. "ஒண்ணு ரூம இடிக்கணும், இல்லாட்டி அலமாரிய இடிக்கணும்."

"ஆ கியாட்டை இடிக்கலாம்," என்றேன்.

"அம்மா, கோவம் வேணாம்," என்றார் அவர். "எல்லாம் சிவப்பு. அகலம் ரொம்ப நல்ல சிவப்பு. இந்த எழுத்துக்கு வீட்டுல ஆள் கூடும்."

"அறுபத்தெட்டு வயசுல அக்கா வீட்டுல ஆள் கூடுமா!" என்றாள் சபூரா. "இருங்க, நா ஓடிப்போய் ஒரு தொட்டில் வாங்கிட்டு வாரேன்."

லாரி ஆட்கள் நாலு பேரும் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத் தமிழே தெரியாது.

பிரித்து உள்ளே கொண்டுபோய்ப் பொருத்தலாமே என்றேன். பசை போட்டு இறுக்கியாயிற்றாம், பிரித்தால் பலகை கிழியுமாம். இப்போது அது ஹாலில், சாமி படத்துக்கு எதிரே, கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்த விருந்தாளி போல நிற்கிறது. நான் ஒருக்களித்துத்தான் சமையலறைக்குப் போகிறேன்.

முன் அறைக்கு இரட்டைக் கதவு, அதற்குள் சுலபமாகப் போகும். சபூரா அந்தக் கதவைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. அது உன் அத்தானின் ஆபீஸ் அறை. அவர் போன நாளிலிருந்து பூட்டியிருக்கிறது, பூட்டியே இருக்கும். அலுமாரியை மேலும் கீழும் வெட்டிக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

யோகம்மா


பெட்டாலிங் ஜெயா
25 ஜூன் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்த சிரிப்பில் பியானோ நின்றுவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று பிள்ளை வந்து கேட்டாள். தொட்டில் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

அப்பா ஈப்போவில் வீடு கட்டியது மறந்துவிட்டதா? மனையடி சாஸ்திரத்தில் நம் அறையின் அளவுக்குத் துன்பம் என்று போட்டிருந்ததாம். கொத்தனாரோடு மல்லுக்கட்டி ஓரடி குறைத்தார். அதனால் இரண்டு கட்டில் போட இடமில்லாமல் நாம் ஒரே கட்டிலில் படுத்தோம். நீங்கள் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தீர்கள். என் பக்கம் சின்னப் பக்கம். அலுமாரிக்கு நடுவில் தடுப்பு என்று வாசித்தபோது எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது.

இங்கே ஒரு சின்ன மாற்றம். பியானோ டீச்சருக்கு நாற்காலி போட இடம் போதவில்லை. சந்திரிகா என்னிடம் மிக மரியாதையாகக் கேட்டாள், நான் சரி என்றேன். என் பெட்டி இப்போது கார் நிறுத்தும் இடத்தில், பழைய பேப்பர் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தாள் போட்டு நன்றாக மூடியிருக்கிறார்கள். விடிந்ததும் குளிப்பதற்கு முன் வெளியே போய் உடுப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன். மழை நாளில் முதல் நாளே யோசித்து வைக்கிறேன்.

சந்திரிகா ஒருநாளும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அம்பி மாதம் தவறாமல் மருந்து வாங்கித் தருகிறான். எல்லோரும் நல்லவர்கள். அதனால்தான் யாரோடு கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எதையும் கேட்டு எழுதவில்லை. அலுமாரியை மட்டும் வெட்டாதீர்கள். பாவம், அந்த மனிதர் நல்லதை நினைத்துத்தான் செய்தார்.

தங்கை,
பத்மாவதி


ஹட்டன் லேன், பினாங்கு
3 ஜூலை 1983

அன்புள்ள பத்மாவுக்கு,

காருக்குப் பக்கத்தில் பெட்டியா? வாத்தியார் சிவகுருநாதனின் மனைவி குளிப்பதற்கு முன் உடுப்புக்காக வீட்டுக்கு வெளியே போகிறாளா? பியானோவை அங்கே வைக்கட்டுமே, தெருவே கேட்கும்! உன் கடிதத்தைச் சபூராவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சொன்னதை நான் எழுத மாட்டேன். அவள் தமிழ் மார்க்கெட்டில் பழகிய தமிழ்.

சுண்ணாம்புக் கோட்டைப் பற்றி: நீ தூக்கத்தில் உதைப்பாய். அதைச் சேர்த்து எழுதியிருக்கலாம்.

அலுமாரியை வெட்டவில்லை. ஹாலில் அதன் மூலையில் சபூரா முழங்காலை இடித்துக்கொண்டாள். இந்தத் தெருவில் ஒரு கெட்ட முழங்கால் போதும். ஆகவே வேறு வழியில்லாமல் முன் அறையைத் திறந்தேன். ஆ கியாட்டும் ஆட்களும் வந்து, ஒரே தள்ளில் உள்ளே போய்விட்டது. அத்தானின் மேசையை என் அறைக்கு மாற்றினோம். அவர் நாற்காலியில் சபூரா கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். எழும்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அவளுக்குத் தேநீர் கொடுத்தேன்.

முன் அறைக்குத் தெருப்பக்கம் இரண்டு ஜன்னல். காலை வெளிச்சம் நன்றாக வருகிறது. இதை நான் மறந்தே போயிருந்தேன்.

நடுத் தடுப்பை எடுத்துவிடச் சொன்னேன். ஆ கியாட் அதற்குத் தனிக் கூலி கேட்டார். கறுப்பில் விழும் தொகையாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்றேன். சும்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் சேலைகள் எங்கே என்று கேட்பாய். முன் அறையில் அலுமாரி இருந்தால் நான் ஒவ்வொரு காலையும் ஈரத் தலையோடு ஹாலைக் கடந்தா போவேன்? பழைய அலுமாரிக்குப் பிளைவுட்டில் அடிப்பலகை போட்டாயிற்று, கறையான் மருந்தும் அடித்தாயிற்று. கதவு இருந்த இடத்தில் பழைய படுக்கை விரிப்பைத் திரையாகத் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். விளிம்பு நேராக இருக்கிறது. இதை மார்ச் மாதமே செய்திருந்தால் ஒரு தச்சரையும் நான் அறிந்திருக்க வேண்டியதில்லை.

ஆக, தேக்குக் கதவு போட்ட புது அலுமாரி காலியாக நிற்கிறது. காலி அலுமாரியில் ஈரம் ஏறும், பூஞ்சணம் பூக்கும். பினாங்கு மழை உனக்குத் தெரியும். யாராவது பாவித்தால்தான் பலகை நிலைக்கும். இவ்வளவு செலவுக்குப் பிறகு அது வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்கா,
யோகம்மா


பெட்டாலிங் ஜெயா
19 ஜூலை 1983

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கீழ் எண் தொண்ணூற்றிரண்டு. கேட்டு வாங்கினேன்.

உங்கள் கடிதத்தை அன்றிலிருந்து தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்பியிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். கேட்பதற்குக் கோபிக்காதீர்கள். கோபித்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

அந்த அலுமாரிக்குப் பூட்டு உண்டா? சாவி எத்தனை? யாரிடம் இருக்கும்?

தங்கை,
பத்மாவதி


ஹட்டன் லேன், பினாங்கு
26 ஜூலை 1983

அன்புள்ள பத்மாவுக்கு,

தொண்ணூற்றிரண்டு கூட. உப்பைக் குறை.

பூட்டு உண்டு. சாவி இரண்டு. உன் கடிதம் வந்த அன்று காலை அலுமாரியை ஒரு தடவை ஈரத்துணியாலும் ஒரு தடவை உலர்ந்த துணியாலும் துடைத்தேன். தட்டுகளுக்கு வெள்ளைக் காகிதம் விரித்தேன். சீட்டு எதுவும் எழுதவில்லை. பிறகு பூட்டினேன். இரண்டு சாவியையும் என் கைக்குட்டையில் சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு நீயே வாங்கு. சந்திரிகாவை வாங்க விடாதே.

சபூரா கத்துகிறாள். "ஒரு சாவிய நீங்க வெச்சிக்கங்க அக்கா. தபால்ல தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க? தங்கச்சி வராட்டி அலமாரிய எப்படித் தொறப்பீங்க?" தொலைந்தால் ஆ கியாட்டைக் கூப்பிட்டு உடைப்பேன், அவருக்கு என் வீட்டில் உடைக்க இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது என்றேன். வராவிட்டால் பூட்டியபடியே இருக்கும் என்றேன்.

பகல் ரயிலில் வா. பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரிக்கு நடக்கும் வழியில் நான் நிற்பேன். பெட்டியை நீ தூக்காதே. அந்த ஆறு சேலைகளையும் கொண்டுவரலாம், முந்தானை இல்லாததையும்கூட.

அக்கா,
யோகம்மா

பி.கு.: அலுமாரிக்குள் பாச்சை உருண்டை போட மறந்துவிட்டேன். பூட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சாவி இனி உன்னுடையது, நான் திறக்கக் கூடாது. வரும்போது நீயே வாங்கி வா. வெள்ளையாகப் பார்த்து வாங்கு; வர்ணம் போட்டது சேலையில் ஒட்டும்.